கூடைக்குள் மாமனார் தலை

அம்சவள்ளியின் பாஸ்போர்ட் தபாலில் வந்ததும், அதைப் பார்த்த மாமனார் ராசாங்கம் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனதும், புருஷன் குருநாதன் ஒரு வார்த்தை பேசாமல் தன் சோற்றைச் சாப்பிட்டு முடித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் குருநாதனுக்கு வாய் என்று ஒன்று இருக்கிறதா என்று ஒரு வாசகி கோபமாக எழுதிக் கேட்டிருக்கிறார். இருக்கிறது அம்மா. இதுவரை சாப்பிடத்தான் பயன்பட்டிருக்கிறது.

இன்று வெள்ளிக்கிழமை. நாளைக் காலை திருச்சியில், ஜங்ஷன் பக்கத்து லாட்ஜ் ஒன்றில், சவுதி ஆஸ்பத்திரி வேலைக்கு நர்ஸ் எடுக்கிறார்கள். போன முறை இங்கிருந்து போன பெண்களில் சிலர் பாஷை புரியாமல், நோயாளி வலி தாங்காமல் அழுதபோது தண்ணீர் கொண்டுபோய் நீட்டினார்களாம். அதனால் இந்த முறை வார்டில் புழங்குகிற அரபு வார்த்தைகளைக் கேட்பார்கள். இருநூறு வார்த்தை. சொல்லத் தெரியாதவர்கள் வந்த பஸ்ஸிலேயே ஊர் திரும்பலாம்.

அம்சவள்ளி ஊர் திரும்பினால் என்ன ஆகும் என்பதையும் ராசாங்கம் சொல்லிவிட்டார். இந்த மாதத்தோடு பெரம்பலூர் நர்சிங் ஹோம் வேலையும் கிடையாது. வீட்டுப் பெண் வீட்டில் இருக்க வேண்டும். ஆக, நாளை ஒரு நாள்தான் அவளுக்கு மிச்சம்.

அதனால்தான் விடிந்தும் விடியாமலும் மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டே அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"ராசாங்கம் தலை கூடையில இருக்கு. ராஸ். பீடி நுனியில ரத்தம் சொட்டுது. தம். அத்த கால்மேல அலமாரி சாயுது... சாயுது... விழுந்துருச்சு. அலம்."

பதற வேண்டாம். இது அவள் படிக்கிற முறை.

வார்த்தைகள் ஒரு கேசட்டில் இருந்தன. வீட்டில் டேப் ரெக்கார்டர் கிடையாது. நர்சிங் ஹோமில் மத்தியானச் சோற்று நேரத்தில் கேட்பதோடு சரி. எழுதி வைத்துப் படிக்கலாம் என்றால் மாமனார் கண்ணில் பட்ட காகிதம் அடுப்புக்குப் போய்விடும். மூளைக்குள்தான் வைத்துக்கொள்ள வேண்டும். வெறும் சத்தமாக வைத்தால் நிற்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் ஒரு காட்சியாக்கி, கண்ணை மூடினால் தெரிகிற மாதிரி வைத்துப் பார்த்தாள்.

முதலில் ஒழுங்கான காட்சிகளாகத்தான் வைத்தாள். குத்துவிளக்கு, மல்லிகைச் சரம், கோயில் தேர் என்று பார்க்க லட்சணமாக இருந்தன. காலையில் எழுந்தால் ஒன்றுகூட இல்லை. தேர் போன தடம்கூட இல்லை.

பாஸ்போர்ட் வந்த அன்று, பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுதாள். ராஸ் என்றால் தலை என்று அன்றுதான் கேசட்டில் கேட்டிருந்தாள். இருந்த ஆத்திரத்தில் மாமனார் ராசாங்கத்தின் தலையைக் கழற்றி, காய்கறிக் கூடையில் கத்திரிக்காய்களுக்கு நடுவே உட்கார்த்தினாள். மீசையோடுதான். கூடைக்குள் இருந்தும் தலை அவளைத் திட்டிக்கொண்டே இருந்தது. அழுகை நின்று சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ராஸ் மறக்கவில்லை.

அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. மரியாதையாக வைத்த படம் நிற்காது. வைக்கக் கூடாததை வைத்தால் அழியாது. அடுத்த வாரத்துக்குள் குடும்பம் மொத்தத்தையும் குடியேற்றிவிட்டாள். நாத்தனார் பாப்பாத்தி எந்தப் பேச்சையும் வாசல்படியில் நின்றுதான் கேட்பாள். அவள் இரண்டு கையையும் விரித்து நிலையை அடைத்துக்கொண்டு நின்றால் பாப், அதாவது கதவு. மாமியார் கொளஞ்சியம்மாள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த தேக்கு அலமாரி அவர் கால்மேலேயே சாய்ந்தால் அலம், அதாவது வலி.

கொட்டகைக்கு வெளியே குடம் ஒன்று தடாலென்று விழுந்து உருண்டது. எட்டிப் பார்த்தாள். பாப்பாத்தி வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள்.

எதையாவது பார்த்துப் பயந்திருப்பாள் என்று நினைத்தாள் அம்சவள்ளி. நினைப்பு சரிதான். எதை என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

கிளம்பும் முன் மாமியாரின் காலுக்குக் கட்டு மாற்றப் போனாள். இரண்டு நாளுக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டியடிக் கல்லில் வழுக்கி விழுந்ததில் கொளஞ்சியம்மாளுக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது. வழக்கமாகக் காலை நீட்டிக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்பவர், இன்று சேலைக்குள் காலை இழுத்துக்கொண்டார்.

"வேணாம். இருக்கட்டும்."

"வீக்கம் பாக்கணுமேங்கத்த."

"நீ பாத்தது போதும்மா. பஸ்சுக்கு நேரமாச்சு, போ."

பாப்பாத்தி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நின்றாள். பஸ் ஆரன் அடித்தது. அம்சவள்ளி ஓடினாள்.

பெரம்பலூர் நர்சிங் ஹோமில் அவளுக்கு நர்ஸ் என்று பெயர். திருச்சி மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் படித்துப் பாஸ் செய்தவள், இங்கே ஊசியைக் கொதிக்க வைப்பாள். டாக்டர் வீட்டுக் குழந்தைக்குத் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்புவாள். நாடி பார்த்துவிட்டு ஏதாவது சொன்னால், "உன்னைக் கேட்டேனா?" என்பார் டாக்டர். தெரிந்த வேலையைத் தெரிந்த அளவுக்குச் செய்ய ஓர் இடம் வேண்டும். அவள் கேட்பது இவ்வளவுதான். அது கடல் தாண்டி இருந்தால் கடல் தாண்டித்தான் போக வேண்டும்.

நர்சிங் ஹோமில் அவளுக்கு இருக்கிற ஒரே துணை ஜொஹரா. லப்பைக்குடிக்காட்டுப் பெண், அவளும் நர்ஸ்தான். அவள் புருஷன் சவுதியில், தம்மாமில், ஆஸ்பத்திரி டிரைவர். கேசட் அவன் பேசி அனுப்பியது. பெண்டாட்டிக்கு அனுப்புகிற கேசட்டில் இடையிடையே வார்த்தைகளைச் சொல்லியிருந்தான்.

மத்தியானம் இருவரும் ஸ்டோர் ரூமில் டேப் ரெக்கார்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"ஊசிக்கு இப்ரா. வயித்துக்கு பத்ன். கட்டிலுக்கு சரீர்," என்றது டிரைவரின் குரல். "ஜொஹரா, அம்மாவுக்கு மருந்து வாங்கிக் குடுத்தியா? நீ ராத்திரி சாப்பிடாமப் படுக்குறியாமே, தங்கச்சி எழுதியிருக்கு. நேத்து உன்னைய நெனச்சு..."

ஜொஹரா பாய்ந்து அந்த இடத்தை ஓட்டிவிட்டாள். காது மடல் சிவந்திருந்தது.

"பாவம், பேசவுடேன்," என்றாள் அம்சவள்ளி.

"அதெல்லாம் பரீட்சைக்கு வராது. நான் கேக்குறேன், நீ சொல்லு. ரத்தம்?"

"தம்."

"கதவு?"

"பாப்."

"வலி?"

"அலம்."

ஜொஹரா கேட்டுக்கொண்டே போனாள். அம்சவள்ளி கண்ணை மூடிக்கொண்டு, தன் வீட்டுக்குள் அறை அறையாக நடந்து ஒவ்வொருவரையும் பார்த்துப் பதில் சொன்னாள். கட்டிலில் ஒரு சரீரம் விறைத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வயிற்றில் வரிசையாகப் பட்டன் தைத்திருந்தது, பத்ன்.

"எங்க வூட்டுல சின்ன வயசுலேருந்து அரபியில ஓதுறோம். எனக்கு ஓத வரும், பாதிக்கு அர்த்தம் தெரியாது. நீ ரெண்டு மாசத்துல அர்த்தத்தோட கொட்டுற," என்றாள் ஜொஹரா. "சரி, காய்ச்சல்?"

அம்சவள்ளி விழித்தாள்.

"பொறுமை?"

பதில் இல்லை.

"இருதயம்?"

"வருது... இரு... வரல."

"ஹராரா, ஸப்ர், கல்ப். இதே மூணுலதான் தெனமும் நிக்கிற. மத்ததெல்லாம் அருவி மாதிரி வருது, இது மட்டும் ஏன்?"

ஏன் என்று அம்சவள்ளிக்குத் தெரியும். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்தாள். நாளைக்குத் திருச்சி போக வேண்டும் என்று இன்று அரை நாள் லீவு கேட்டு வாங்கியிருந்தாள்.

ஊரில் பஸ் இறங்கியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. வீட்டு வாசலில் கூட்டம் இல்லை, ஆனால் எதிர் வீட்டுத் திண்ணைக்காரர்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். உள்ளே முற்றம் முழுக்கக் குழி. உரல் புரண்டு கிடந்தது. அடுப்படி மண்ணைக்கூடப் பெயர்த்திருந்தார்கள். ராசாங்கம் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு வியர்வையில் குளித்து நின்றார்.

"அங்கயே நில்லு," என்றார். "எங்க பொதச்ச?"

"எதைங்க மாமா?"

"தகட்ட. மந்திரிச்ச தகட்ட எங்க பொதச்ச?"

காலையிலிருந்து தோண்டுகிறார்கள். பாப்பாத்தி பாவாடைக் காலத்தில் தொலைத்த தோட்டுத் திருகாணி ஒன்று கிடைத்திருக்கிறது. தகடு கிடைக்கவில்லை. கிடைக்காததே சூன்யம் பலமானது என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

"நான் எங் காதால கேட்டேன் அண்ணி," என்றாள் பாப்பாத்தி. "அப்பா தலைய வெட்டிக் கூடையில வச்சிருக்கேன்னு சொன்னீங்க. ரத்தம் சொட்டுதுன்னு சொன்னீங்க. அம்மா கால்மேல அலமாரிய ஏவிவுட்டீங்க. நடுநடுவுல மந்திரம்."

அம்சவள்ளிக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் சிரித்துவிட்டாள். சிரித்திருக்கக் கூடாது.

"வெட்டல பாப்பாத்தி. தானா கழண்டுச்சு," என்றாள்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா," என்று கொளஞ்சியம்மாள் மாரில் அடித்துக்கொண்டார்.

"அத்த, அது மந்திரம் இல்ல. பாடம். அரபு வார்த்த. ஞாபகம் இருக்கறதுக்காக மனசுக்குள்ள படமா வச்சுக்கிறேன். ராஸ்னா தலை. அந்தச் சத்தத்துக்கு ராசாங்கம்ங்கற பேரு..."

கொளஞ்சியம்மாள் காதைப் பொத்திக்கொண்டார்.

அந்தப் பெயரை அந்த வீட்டுப் பெண்கள் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் கொளஞ்சியம்மாள், "ஊரை ஆளுவாங்களே, கச்சேரி, ஆபீஸ் எல்லாம் வச்சு நடத்துவாங்களே, அந்தப் பேரு" என்பார். கடைக்காரர் யோசித்து எழுதிக்கொள்வார். சூன்யம்கூட ஒரு பக்கம் இருக்கட்டும், மருமகள் மாமனார் பெயரை நடு முற்றத்தில் போட்டு உடைத்தாள் என்பதுதான் இப்போது பெரிதாகிவிட்டது.

"யாரு பேர யாரு சொல்றது?" என்றார் ராசாங்கம்.

"பேரச் சொல்லாம எப்படிங்க மாமா ஞாபகம் வரும்? உங்க தலைய எடுத்துக் காய்க் கூடையில வச்சேன். கத்திரிக்காய்க்கு நடுவுல. அது நின்னுச்சு."

"கத்திரிக்காய்க்கு நடுவுலயா?"

"ஆமாங்க."

"ஏன், வேற எடம் கெடைக்கலியா?" என்றார் ராசாங்கம். தலை கழன்றதைவிடக் கத்திரிக்காய்தான் அவரை அதிகம் உறுத்தியது போலிருந்தது.

பாப்பாத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பயம் கொஞ்சம் விலகியிருந்தது. "என்னைய என்ன பண்ணீங்க அண்ணி?"

"உன்னையக் கதவா வச்சிருக்கேன். நெலப்படிய அடைச்சுக்கிட்டு நிக்கிற."

"நான் எங்க அப்படி நிக்கிறேன்?" என்று அவள் கேட்டது வாசல்படியில் நின்றபடிதான்.

ஆனால் கொளஞ்சியம்மாள் சிரிக்கவில்லை. வீங்கிய காலைத் தொட்டுக் காட்டினார்.

"எம் பொறந்த வூட்டு அலமாரி எங் கால்மேல வுழுவுறதா நெனச்சியா, இல்லியா?"

"நெனச்சேங்கத்த."

"நீ நெனச்ச. நான் வுழுந்தேன்."

"பாசியில வழுக்கி வுழுந்தீங்க."

"அந்தக் கல்லு நான் வாக்கப்பட்டு வந்தப்பலேருந்து இருக்கு. அதுல பாசியும் இருக்கு. இத்தினி வருசமா வுழாதவ நீ நெனச்சதும் எப்படிடி வுழுந்தேன்?"

மூன்று வருஷ நர்ஸ் படிப்பில் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. அம்சவள்ளிக்குக் கண் கலங்கியது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். இந்த முற்றத்தில் அழுதால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

"கோவம் இருந்துச்சுங்கத்த. அத மறைக்கல," என்றாள். "கல்யாணம் பேச வந்தப்ப பொண்ணு வேலைக்குப் போவலாம்னு சொன்னீங்க. வந்ததும் சம்பளம் மட்டும்தான் புடிச்சுது, வேல புடிக்கல. நான் வாயத் தொறந்து ஒரு சொல்லு திருப்பிப் பேசுனது உண்டா? மனசுக்குள்ள அலமாரியத் தள்ளுனேன். காலையில எந்திரிச்சு உங்க காலுக்கு நாந்தான் கட்டும் போட்டேன். அந்த அலமாரி இல்லைன்னா எனக்கு வலிங்கற வார்த்த இல்ல. அங்க ஒருத்தி அலம், அலம்னு அழுதா எனக்குப் புரியணும். அதுக்காக இன்னும் எத்தினி தடவ வேணும்னாலும் தள்ளுவேன்."

சொல்லி முடித்தபோதுதான் குருநாதன் சைக்கிளோடு உள்ளே நிற்பதைப் பார்த்தாள். ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் பகல் ஷிப்ட் முடிந்து, புருவம் வரை சாம்பல் பூசிக்கொண்டு வந்திருந்தான். எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் வருவது எப்போதும் அப்படித்தான்.

"கேட்டியாடா உம் பொண்டாட்டி சேதிய?" என்றார் ராசாங்கம்.

குருநாதன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டான். குழிகளைப் பார்த்தான். அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை.

"என்னைய எங்க வச்சிருக்க அம்சா?" என்றான்.

அவள் எதிர்பாராத கேள்வி. அவன் கேள்வி கேட்டதே எதிர்பாராததுதான்.

"சொல்லு. எல்லாரையும் வச்சிருக்க. என்னைய?"

"வச்சுப் பாத்தேங்க," என்றாள். குரலைத் தாழ்த்திக்கொள்ள நினைத்தாள், முடியவில்லை. "காய்ச்சலுக்கு வச்சேன். பொறுமைக்கு வச்சேன். இருதயத்துக்கு உங்க நெஞ்சுல ஒரு கல்லத் தூக்கி வச்சேன். எதுவும் நிக்கல. விடிஞ்சா காணாமப் போயிடுது. மாமா திட்டுறாங்க, அத்த அழுவுறாங்க, பாப்பாத்தி வழிய மறிக்கிறா. நீங்க என்னா பண்றீங்கன்னு யோசிச்சா ஒண்ணுமே வரலங்க. உங்களைய வச்ச வார்த்த அத்தனையும் எனக்கு மறந்துபோச்சு."

பாப்பாத்தி தலையைக் குனிந்துகொண்டாள். குருநாதன் மீசையிலிருந்த சிமெண்டைப் புறங்கையால் துடைத்தான். துடைத்த இடம் மட்டும் மனித நிறமாகத் தெரிந்தது.

ராசாங்கத்துக்கு இந்தப் பேச்செல்லாம் பிடிக்கவில்லை. கடப்பாரையைக் கீழே போட்டார்.

"பேச்சு போதும். இன்னிக்கி வெள்ளிக்கெழம. செல்லியம்மன் முன்னால சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணட்டும். சூன்யம் வைக்கலன்னு ஒண்ணு. இனிமே அந்தப் பாஷையும் வேணாம், திருச்சியும் வேணாம்னு ஒண்ணு. பண்ணிட்டு வூட்டுக்குள்ள வரட்டும். பண்ணாட்டி அவ அப்பன் வூட்டுக்குப் போவட்டும்."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்ன சொல்லை அந்த ஊரில் யாரும் மீறுவதில்லை. மீறினால் சொன்னவரை மட்டுமல்ல, அதைக் குலைக்கக் காரணமானவர்களையும் ஆத்தா விடமாட்டாள் என்பது நம்பிக்கை. வரப்புத் தகராறு முதல் ஆட்டுத் திருட்டு வரை எல்லாம் அந்த அம்மன் முன்னால்தான் தீர்ந்திருக்கிறது. ராசாங்கம் அதை நம்பித்தான் கூப்பிட்டார்.

"வாங்க, போவலாம்," என்றாள் அம்சவள்ளி. எல்லோருக்கும் முன்னால் அவளே நடந்தாள்.

கோயிலில் விளக்கு வைக்கிற நேரம். பூசாரி வைரக்கண்ணு விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். அவர் மனைவிக்கு அம்சவள்ளிதான் போன மாதம் பிரசவம் பார்த்தாள். ஆனாலும் ராசாங்கத்தை மறுத்துப் பேச அவருக்கு வாய் வரவில்லை. பலி பீடத்துக்கு முன்னால் வெற்றிலையை வைத்து, அதன்மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினார்.

"நான் யாருக்கும் எந்தக் கெடுதியும் வைக்கலன்னு சொல்லும்மா."

"ஆத்தா, நான் இந்த வூட்டுல யாருக்கும் ஒரு கெடுதியும் வைக்கல," என்றாள் அம்சவள்ளி. ஒரே அடியில் சூடம் அணைந்தது. கொளஞ்சியம்மாளின் முகத்தில் பிடித்து வைத்திருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. அவருக்கு அது போதும். காலை நொண்டிக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வைரக்கண்ணு இரண்டாவது சூடத்தைக் கொளுத்தினார்.

"இனிமே அந்தப் பாஷை பேசமாட்டேன், நாளைக்குத் திருச்சிக்குப் போவமாட்டேன்னு..."

அம்சவள்ளி அந்தத் தீயைப் பார்த்தாள். உள்ளங்கை ஏற்கனவே காந்திக்கொண்டிருந்தது. மாட்டேன் என்று சொன்னால் இன்றைக்குச் சோறு கிடைக்கும், நாளைக்கும் கிடைக்கும், சாகிற வரை கிடைக்கும். அந்தச் சோறு அவளுக்கு வேண்டாம். பயமும் இருந்தது, இல்லாமல் இல்லை. அதையும் சேர்த்துத்தான் கையை ஓங்கினாள்.

"ஆத்தா, நாளைக்கு நான் திருச்சிக்குப் போவேன்," என்றாள். கோயில் மதிலுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. "கேக்குற வார்த்தைய எல்லாம் சொல்லுவேன். வேல கெடச்சா பிளேன் ஏறுவேன். இது உம்மேல சத்தியம். யாரு என்னைய மறிச்சு இந்தச் சத்தியத்த பொய்யாக்குனாலும், அவுங்கள நீ கேளு."

கை இறங்கியது. சூடம் அணைந்து புகை எழும்பியது.

வைரக்கண்ணு இரண்டடி பின்வாங்கினார். ராசாங்கம் அணைந்த சூடத்தையே பார்த்தார். மருமகளைக் கட்டிப்போட அவரே கொண்டுவந்த கயிறு, அவர் கையில்தான் சுற்றிக்கொண்டது. சொன்னது சொன்னதுதான். ஆத்தாவின் முன்னால் அழித்து எழுத முடியாது.

முதலில் பேசியது கொளஞ்சியம்மாள்.

"ஏங்க, கெளம்புங்க. மொத பஸ்சுக்கு அவளுக்குக் கட்டுச்சோறு கட்டணும்."

"என்னடி சொல்ற?"

"என்னா சொல்றதா? ஆத்தா முன்னால சொல்லிட்டா. இனிமே நாம தடுத்தோம்னு வைங்க, நாளைக்கி என் காலோட போவாது. உங்களுக்கு ஒண்ணுன்னா யாரு பாக்கறது? அவ போயித்தான் ஆவணும்." மருமகளைத் திரும்பிப் பார்த்தார். பாசம் ஒன்றும் இல்லை அந்தப் பார்வையில். ஆனால் முதல்தடவையாக அதில் கொஞ்சம் ஜாக்கிரதை இருந்தது. "கெட்டிக்காரிதான்டி நீ."

"எம் பேச்சுக்கு இந்த வூட்டுல..." என்று ஆரம்பித்த ராசாங்கம், அம்மன் இருந்த பக்கம் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

அம்சவள்ளி உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். நடுவில் சிவந்து கொப்பளிக்கத் தொடங்கியிருந்தது. வலித்தது. ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது. ஆனாலும் கண் குருநாதனைத் தேடியது.

"வாங்க போவலாம்," என்று பாப்பாத்தி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

அப்போதுதான் குருநாதன் நகர்ந்தான். கூட்டத்துக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், வழக்கம் போல் யார் கண்ணிலும் படாமல் நின்றிருந்தவன், எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். சிமெண்ட் படிந்த செருப்பை வெளியே விட்டான். பூசாரித் தட்டில் மிச்சமிருந்த சூடம் ஒன்றை எடுத்து, அதே வெற்றிலைமேல் வைத்தான். வைரக்கண்ணுவிடம் கையை நீட்டித் தீப்பெட்டி கேட்டான்.

"எதுக்குடா?" என்றார் ராசாங்கம்.

"நானும் ஒண்ணு சொல்லணும்பா," என்றான் குருநாதன்.

அப்பா முன்னால் அவன் அப்படி ஒரு பேச்சை ஆரம்பித்ததே கிடையாது. கொளஞ்சியம்மாள் கணுக்கால் வலியை மறந்து ஓடிவந்து மகன் கையைப் பிடித்தார். அவன் மெதுவாக அந்தக் கையை விலக்கினான். முதல் குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவது பற்றிக்கொண்டது.

அவன் அவளைப் போகச் சொல்லப் போகிறானா, அவள் போனால் தான் என்ன செய்வேன் என்று சொல்லப் போகிறானா, அம்சவள்ளிக்கு எதுவும் தெரியவில்லை. அவன் முகத்தில் படிந்திருந்த சாம்பலில் எதையும் படிக்க முடியவில்லை. எதைச் சொன்னாலும் நாளைக் காலையில் அவள் பஸ் ஏறுவது ஏறுவதுதான். அதில் மாற்றம் இல்லை.

ஆனாலும் பாப்பாத்தியின் கையிலிருந்து முந்தானையை விடுவித்துக்கொண்டு, அவன் வாய் திறக்கும் வரை அவள் அங்கேயே நின்றாள்.